காலி ஸ்டேஷன்

மாமாவின் மாருதி 800-ல் டேப் இருக்கிறது, கேசட் போகாது. என்றைக்கோ ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிய வழியில், மடியில் உட்கார்ந்திருந்த பிள்ளை ஒன்று கேசட் வாய்க்குள் எட்டணாவைப் போட்டுவிட்டது. அன்றிலிருந்து அந்த டேப்புக்குத் தெரிந்த வேலை எஃப்.எம். பாடுவது மட்டும்தான். ஆக்ஸ் கிடையாது, யு.எஸ்.பி. கிடையாது. ப்ளூடூத் என்ற சொல்லே அது பொருத்தப்பட்ட காலத்தில் எங்கள் ஊர் அபிராமத்துக்கு வந்து சேரவில்லை. “புதுசு மாத்திரலாம் மாமா” என்றால், “பாடுற செட்ட எதுக்குப்பா கழட்டணும்?” என்பார். அந்த மாடல் வண்டியின் தயாரிப்பே 2014-ல் நின்றுவிட்டது. மாமாவின் வண்டி அதைக் கேள்விப்படாதது போல ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த மாசி அமாவாசைக்கு அவரை ராமேஸ்வரம் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அம்மாச்சிக்கு அக்னி தீர்த்தத்தில் திதி கொடுக்க வேண்டும். ரயிலில் போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். “காருலயே போவோம். கேக்குறதுக்கு என்கிட்ட ஒண்ணு இருக்கு” என்றார்.

அவர் சொன்னது டிரங்குப் பெட்டியில் கிடந்த கேசட்டுகளை. வெளிநாட்டுச் சபர் போய்த் திரும்பிய நண்பர் ஒருவர் கொண்டுவந்த டூ-இன்-ஒன்னில், எழுபதுகளின் கடைசியில் இலங்கை வானொலியிலிருந்து அவரே ரெக்கார்டு பண்ணியவை. இருபதுக்கு மேல் இருந்தன. பாதி பூஞ்சை பிடித்துவிட்டது. மீதியைப் போன தீபாவளி விடுமுறையில் ஒவ்வொன்றாக ஓடவிட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றி, என் போனில் வைத்திருந்தேன். பாட்டு இன்று எங்கும் கிடைக்கும். பாட்டுக்கு முன்னும் பின்னும் வரும் அறிவிப்பாளர் குரல்தான் கிடைக்காது. மாமா சேர்த்துவைத்தது அந்தக் குரல்களை.

இந்த ராமநாதபுரச் சீமையில் சினிமாப் பாட்டு என்றால் அப்போது இலங்கை வானொலி என்றுதான் பொருள். அதற்கு டெல்லியில் ஒரு காரணம் இருந்தது. 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது. அவர் காலத்தில் அகில இந்திய வானொலி அதை ஒதுக்கிவைத்தது. ஜனங்கள் ரேடியோவை அணைக்கவில்லை, முள்ளைத் திருப்பினார்கள். வடக்கே இந்திக்காரர்களும் தெற்கே நாமும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றே, கொழும்பு. 1925 டிசம்பரிலேயே வானொலி தொடங்கிய ஊர் அது. 1957-ல் விவித் பாரதி வந்து சினிமாப் பாட்டைத் திரும்பக் கொடுத்தது. அதற்குள் தென் தமிழ்நாட்டின் காது கொழும்பு அறிவிப்பாளர் மயில்வாகனத்துக்குப் பழகிவிட்டது, பிறகு கே.எஸ். ராஜாவுக்கும் அப்துல் ஹமீதுக்கும் பழகியது.

சரி, போனில் இருப்பதை எட்டணா விழுங்கிய டேப்பில் எப்படிப் பாடவைப்பது? கமுதியில் செல்போன் கடைக்காரர் யோசிக்கவே இல்லை. கட்டைவிரல் பருமனில் ஒன்றை எடுத்துப் போட்டார். அவர் சொன்ன பெயர் ‘கார் ப்ளூடூத்’. அட்டைப் பெட்டியில் இருந்த பெயர் ‘எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர்’. பெட்டி சொல்வதே சரி. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் அது போனிலிருந்து ப்ளூடூத்தில் பாட்டை வாங்கிக்கொள்ளும். பிறகு தானே ஒரு குட்டி வானொலி நிலையமாகி, ஏதாவது ஓர் எஃப்.எம். எண்ணில் அதை ஒலிபரப்பும். ஒரு முழம் தள்ளியிருக்கும் கார் டேப், கொடைக்கானல் நிலையத்தையும் மதுரை நிலையத்தையும் பிடிப்பது போலவே இதையும் பிடிக்கும். டேப்பைப் பொறுத்தவரை ஊரில் இன்னொரு ஸ்டேஷன் திறந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

“எந்த நம்பர்ல வைக்கணும்?” என்று கேட்டேன்.

“காலி ஸ்டேஷனாப் பாத்து வைங்கண்ணே” என்றார் கடைக்காரர்.

இந்தக் கட்டுரையே அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியதுதான்.

*

அதிகாலை ஐந்தரைக்கு, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை ஓரத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு காலி ஸ்டேஷன் தேடினோம். 87.5-ல் தொடங்கி 108 வரை, புள்ளி ஒன்று புள்ளி ஒன்றாக. மாமா பொத்தானை அழுத்த, நான் குறித்துக்கொண்டேன். கொடைக்கானல் 100.5 தெளிவாக வந்தது. அபிராமத்துக்கும் கொடைக்கானலுக்கும் நேர்கோட்டில் 140 கிலோமீட்டர் இருக்கலாம். ஆனால் எஃப்.எம். அலை ஏறக்குறைய பார்வை போகும் தூரம் போகும். நிலையம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவு தூரம் அதன் பார்வை. இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் நிற்கும் மலை, கணக்குப்படி 190 கிலோமீட்டர் வரை எட்டிப் பார்க்கும். நம் பக்கத்து நிலமோ தோசைக்கல் மாதிரி. மறைக்க ஒரு குன்றும் இல்லை. மதுரை நிலையங்கள் கொஞ்சம் இரைச்சலோடு வந்தன.

90.4-ல் வெறும் இரைச்சல். முன்னும் பின்னும் அப்படியே.

“இது யாரும் இல்லாத எடம். இங்கேயே குடியேறிருவோம்” என்றார் மாமா.

சின்னக் கருவியில் 90.4 வைத்தேன். டேப்பிலும் 90.4. போனைத் தொட்டதும் இரைச்சல் சட்டென்று அறுந்து, நாற்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய கொழும்பு பேசத் தொடங்கியது. மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். டீக்கடைக்காரர் தலையை நீட்டி, “இலங்கை ரேடியோவா? இன்னும் வருதா?” என்று கேட்டார்.

யோசித்தால் அந்தக் குரலின் பயணம் வேடிக்கையானது. கொழும்பில் பேசியது மீடியம் வேவில் கடல் தாண்டி அபிராமம் வந்தது. கேசட்டின் நாடாவில் உட்கார்ந்தது. டிரங்குப் பெட்டியில் கிடந்தது. போனுக்குள் எண்களாக மாறியது. இப்போது மறுபடி காற்றில் ஏறி, ஒரு முழ தூரம் பறந்து டேப்புக்குப் போகிறது. முதல் பயணம் சில நூறு கிலோமீட்டர், கடைசிப் பயணம் கியர் கம்பியிலிருந்து கண்ணாடி ஓரம் வரை.

*

அபிராமத்திலிருந்து பார்த்திபனூர் வரை இருபுறமும் சீமைக்கருவேலம். இந்த மரத்தைத் திட்டாத மேடை இந்த மாவட்டத்தில் இல்லை, இந்த மரத்தால் உலை வைக்காத ஊரும் அதிகம் இல்லை. கரிமூட்டத்திலிருந்து புகை தரையோடு தரையாகப் படர்ந்து சாலையைக் கடந்தது. இடையிடையே மிளகாய்க் களங்கள். குண்டு குண்டாக முண்டு மிளகாய் காயும் காலம் இது. ராமநாதபுரம் முண்டுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. களத்தில் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் எங்கள் வண்டிப் பாட்டைக் கேட்டு நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள்.

பார்த்திபனூரில் வைகை மதகணையைப் பார்த்துவிட்டு தேசிய நெடுஞ்சாலையில் ஏறினோம். வேகம் கூடியது, கூடவே இரைச்சலும். பாட்டுக்கு அடியில் கொசு ரீங்காரம் போல ஒரு சத்தம். ஆக்சிலேட்டரை மிதித்தால் அதுவும் உயர்ந்தது, விட்டால் தாழ்ந்தது. பரமக்குடியில் நிறுத்தி ஆராய்ந்தோம். கமல்ஹாசன் பிறந்த ஊர், கைத்தறி ஊர் என்று சொல்ல எவ்வளவோ இருந்தும், அன்று எங்களுக்குப் பரமக்குடி ஒர்க்‌ஷாப் வாசலாகவே அமைந்தது.

அங்கிருந்த எலக்ட்ரீஷியன் தம்பி மூன்று விஷயம் சொன்னார். ஒன்று, ரீங்காரம் ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது. லைட்டர் சாக்கெட்டிலேயே போனுக்குச் சார்ஜும் போட்டால் அது கூடும், சார்ஜ் வயரைக் கழற்றுங்கள். இரண்டு, போனில் சத்தத்தைக் குறைத்துவைத்து டேப்பில் கூட்டினால் பாட்டோடு இரைச்சலும் பெருகும். போனில் முக்கால்வாசி வைத்துவிட்டு மீதியை டேப்பில் சரிசெய்யுங்கள். மூன்றாவதைச் சொல்லாமல் செய்தார். வெளியே மடங்கிக் கிடந்த ஏரியலை இழுத்து முழு நீளத்துக்கு நீட்டினார்.

மூன்றாவதுதான் பெரிய வைத்தியம். 90.4 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 3.3 மீட்டர். அதில் கால் பங்கு, முக்கால் மீட்டரும் கொஞ்சமும், இருந்தால் ஏரியல் அந்த அலையை வசதியாக வாங்கிக்கொள்ளும். கார் ஏரியல்கள் அந்த நீளத்தில் இருப்பது தற்செயலில்லை. கருவி இரும்புக் கூட்டுக்குள் இருக்கிறது, ஏரியல் கூட்டுக்கு வெளியே நிற்கிறது. நடுவில் ஜன்னல் கண்ணாடி மட்டுமே வாசல். பழைய மாருதியில் ஏரியல் முன்பக்கம் என்பதால் வேலை நடக்கிறது. கூரையின் பின்கோடியில் ஏரியல் வைத்த புது வண்டிகளில் இதே கருவி திணறும். அந்த வண்டிகளுக்கு இது தேவைப்படுவதும் இல்லை.

“எவ்வளவு தம்பி?” என்றார் மாமா.

“கம்பிய இழுத்துவிட்டதுக்கா? பாட்ட கொஞ்சம் சத்தமா வைங்கய்யா, கேப்போம்” என்றார் அவர். ஒரு பாட்டு முடியும் வரை நின்றோம்.

*

சத்திரக்குடி தாண்டி, ராமநாதபுரம் தாண்டி, உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளத்தின் வேலி ஓரம் போகும்போது காற்றில் உப்பு ஏறியிருந்தது. கொடைக்கானல் என்னவாயிற்று என்று பார்க்க ஒரு நிமிடம் 100.5-க்குப் போனேன். கரகரத்தது. அந்த மலையின் பார்வைக்கு எல்லை நெருங்கிவிட்டது. காலையில் தெளிவாக இருந்த எண் இங்கே காலியாகிக்கொண்டிருந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்: ஓர் எண் இங்கே காலியானால், இன்னோர் எண் எங்கேயோ நிரம்பிக்கொண்டிருக்கும்.

மண்டபம் ரயில் நிலையத்தை ஒட்டி வரும்போது அது நடந்தது. அறிவிப்பாளர் ஒரு நேயரின் ஊரைச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல் பாதியில் அறுந்தது. புர்ரென்று ஓர் இரைச்சல். பிறகு மிகத் தெளிவாக ஒரு பெண் குரல், தென்கடல் பக்கம் காற்று எப்படி, அலை எப்படி என்று சொல்லத் தொடங்கியது. மூன்று நொடி. மறுபடி 1979. இன்னும் கொஞ்ச தூரம் போனதும் மறுபடி காற்றும் அலையும்.

“யாரு இது, நம்ம எடத்துல?” என்றார் மாமா.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த எண் யாருடையது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அது கடல் ஓசை, பாம்பன் கடல் ஓசை 90.4. 2016 ஆகஸ்ட் 15 முதல் அந்த எண்ணில் பேசிக்கொண்டிருக்கும், மீனவர்களுக்கான சமுதாய வானொலி. நாங்கள்தான் அவர்கள் இடத்துக்குள் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்திருந்தோம்.

இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், மாறி மாறி வந்ததே, அது எஃப்.எம்.-க்கே உரிய குணம். மீடியம் வேவில் ஒரே எண்ணில் இருவர் பேசினால் இரண்டும் குழம்பிக் காதில் விழும். மாமாவின் கேசட்டுகளில் கொழும்புக்கு அடியில் வேறேதோ மொழி முனகுவதை இப்போதும் கேட்கலாம். எஃப்.எம். செட் அப்படிச் செய்யாது. எந்தக் குரல் சற்றே ஓங்கியிருக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை அடியோடு விட்டுவிடும். பொறியாளர்கள் இதைப் பிடிப்பு விளைவு என்பார்கள்.

ஓங்கிய குரல் என்றால் பெரிய நிலையம் என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் ஒரு சமுதாய வானொலிக்குப் பொதுவாக அனுமதிக்கும் உச்ச வலிமை 100 வாட். எங்கள் கைக்கருவி போன்றவற்றை 2006 டிசம்பரில் பிரிட்டன் அனுமதித்தபோது விதித்த வரம்பு 50 நானோவாட். ஒன்றுக்கு மற்றொன்று 200 கோடி மடங்கு. ஆனாலும் மண்டபம் வரை ஜெயித்தது எங்கள் 50 நானோவாட்டுதான். காரணம் தூரம். கருவி ஏரியலிலிருந்து ஒரு மீட்டர், பாம்பன் பல கிலோமீட்டர். தூரம் இரண்டு மடங்கானால் வலிமை நாலில் ஒன்றாகும். வெட்டவெளியில் கணக்குப் போட்டால் 45 கிலோமீட்டரில் இரண்டும் சமமாக வேண்டும். நடுவில் வீடு, பனை, பூமியின் வளைவு எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொள்வதால் அந்த எல்லை மண்டபத்தில் விழுந்தது. வானொலியில் சின்னவர் பெரியவர் கணக்கை விட, கிட்டத்தில் இருப்பவர் யார் என்பதே பெரிய கணக்கு.

*

வேறு எண்ணுக்கு மாறினேன். பெட்டியிலிருந்து எடுக்கும்போது கருவி காட்டிய எண் 87.5. அதில் வைத்துவிட்டேன். கொழும்பு திரும்ப வந்தது. அப்படியே பாம்பன் பாலத்தில் ஏறினோம்.

1988 அக்டோபர் 2-ல் ராஜீவ் காந்தி திறந்த சாலைப் பாலம், 2.3 கிலோமீட்டர். அதில் ஏறி நிறுத்தாமல் போனவர் உலகில் யாரும் இல்லை. சிவராத்திரிக் கூட்டம் வடியவில்லை, வேன்களும் பஸ்களும் பாலத்தை அடைத்துக்கொண்டு நின்றன. கீழே வலமும் இடமும் இரண்டு நிறத்தில் கடல். பக்கத்தில், 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய ரயில் பாலம். 72.5 மீட்டர் நீளமுள்ள அதன் நடுத்துண்டு லிஃப்ட் போல நேராக மேலே ஏறிக் கப்பலுக்கு வழிவிடும். 1914-ல் திறந்த பழைய பாலத்தில் அந்தத் துண்டு இரண்டு கை போலப் பிரிந்து உயர்ந்தது.

நாங்கள் நின்றது ஒரு சுற்றுலா வேனை ஒட்டி. நின்ற நொடியில் எங்கள் டேப்பில் இலங்கை வானொலி போய், இந்தியில் பஜனை கேட்டது. வேன் அரை அடி நகர்ந்தது, கொழும்பு வந்தது. பின்னால் வந்தது, பஜனை. மாமா விழித்தார். விஷயம் இதுதான்: அந்த வேன்காரரும் எங்களைப் போலவே ஒரு கருவி வாங்கியிருக்கிறார், பெட்டியில் வந்த 87.5-ஐ மாற்றாமலே விட்டிருக்கிறார். சாலையில் இப்படிப் பல வண்டிகள் சின்னச் சின்ன வானொலி நிலையங்களாக ஓடிக்கொண்டிருக்கின்றன. நெரிசலில் ஒன்றின் எல்லை மற்றொன்றுக்குள் புகுந்துவிடுகிறது. வேனில் ஜன்னலோரம் இருந்த அம்மாள் எங்களைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். அவர்கள் டேப்பில் எங்கள் அறிவிப்பாளர் பேசியிருக்க வேண்டும்.

மாமா கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “நம்ம பாட்ட நிறுத்து மாப்ள. அந்தப் பொண்ணு காத்தப் பத்தி என்னமோ சொல்லிக்கிட்டு இருந்துச்சே, அத வை” என்றார்.

கருவியைப் பிடுங்கிவிட்டு 90.4 வைத்தேன். பாம்பன் கண்ணெதிரே இருக்க, குரல் பக்கத்து சீட்டிலிருந்து பேசுவது போல வந்தது.

*

எஃப்.எம்.-ஐக் கண்டுபிடித்த அமெரிக்கரின் பெயர் எட்வின் ஆம்ஸ்ட்ராங். 1933-ல் காப்புரிமை பெற்று, 1935-ல் நியூயார்க்கில் பொறியாளர்கள் கூட்டத்தில் அதை இயக்கிக் காட்டினார். அந்தக் காலத்து வானொலியில் மின்னல் இரைச்சலும் மோட்டார் இரைச்சலும் எப்போதும் உண்டு. அவர் காட்டியது தண்ணீர் ஊற்றும் ஓசை, காகிதம் கசங்கும் ஓசை. இவ்வளவு நுட்பமான சத்தம் வானொலியில் வரும் என்று கேட்டவர்கள் நினைத்ததில்லை. கடல் ஓசையைத் தொடங்கிய பாம்பன்காரரின் பெயர் ஆம்ஸ்ட்ராங் பெர்னாண்டோ. இதைத் தற்செயல் என்று தள்ள மனம் வரவில்லை.

அலை உயரம், காற்றின் வேகம், நீரோட்டம் பற்றிய கணிப்புகளை ஹைதராபாத்திலிருந்து இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடுகிறது. அவை மீட்டரும் கிலோமீட்டருமாக எண்களில் இருக்கும். கரையில் கச்சான், வாடை, சோளகம், கொண்டல் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர். எண்ணைப் பெயராக்கி, காலையில் வலை ஏற்றும் நேரத்தில் காதில் போட ஒருவர் வேண்டும். மதுரையில் இருக்கும் பெரிய நிலையம் அதைச் செய்யாது. செய்தாலும் உசிலம்பட்டிக்காரர் எதற்குக் கேட்க வேண்டும்? பத்துப் பதினைந்து கிலோமீட்டர் எட்டும் நிலையத்துக்குத்தான் அது பொழுதன்னைக்கும் வேலை.

இப்படி ஒரு நிலையம் வைப்பது இந்தியாவில் எளிதாக வந்த உரிமையில்லை. காற்றலைகள் மக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் சொன்னது. 2004 பிப்ரவரியில் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். தொடங்கியது. பீகாரின் மன்சூர்பூரில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்த ராகவ் மஹதோ, ஐம்பது ரூபாய் செலவில் தானே செய்த டிரான்ஸ்மிட்டரை மூங்கிலில் கட்டி ஊருக்குப் பாட்டும் செய்தியும் கொடுத்துவந்தார். உரிமம் இல்லை என்று 2006-ல் அதை மூடவைத்தார்கள். அதே 2006 நவம்பரில்தான் தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி வைக்கலாம் என்று மத்திய அரசு கதவைத் திறந்தது. அவர் செய்ததற்கும் என் லைட்டர் சாக்கெட்டில் இருந்ததற்கும் இயக்கத்தில் வேறுபாடு இல்லை. வேறுபாடு உயரத்திலும் வலிமையிலும், யாருக்காகப் பேசுகிறோம் என்பதிலும்.

அண்ணா எஃப்.எம்.-மின் எண்ணும் 90.4. நாட்டில் எத்தனையோ சமுதாய வானொலிகளுக்கு அதே எண். குரல் தூரம் போகாது என்பதால் ஒரே எண்ணைப் பல ஊருக்குப் பிரித்துக் கொடுக்க முடிகிறது. அபிராமத்தில் விடியற்காலை 90.4 காலியாக இருந்ததன் பொருள் இப்போது வேறாகத் தெரிந்தது. யாரும் இல்லாத இடம் என்று மாமா சொன்னது பாதி உண்மை. எங்கள் ஊரிலிருந்து யாரும் இன்னும் அந்த இடத்தில் பேசத் தொடங்கவில்லை என்பது மீதி.

*

ராமேஸ்வரம் தீவில் எங்கே நின்றாலும் டி.வி. டவர் தெரியும். 323 மீட்டர், இந்தியாவிலேயே உயரமான கோபுரம். மலை இல்லாத நிலத்தில் கான்கிரீட்டால் கட்டிய ஒரு மலை. கணக்குப்படி எழுபது கிலோமீட்டருக்கு மேல் அதன் பார்வை. அக்னி தீர்த்தத்தில் மாமா திதி கொடுத்தார். அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. ஈர வேட்டியோடு வந்து வண்டியில் உட்கார்ந்ததும், “தனுஷ்கோடி போவமா?” என்றார்.

1964 டிசம்பர் புயல் அந்த ஊரைக் கொண்டுபோனது. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது 2017-ல்தான். ஒரு பக்கம் பெண்கடல், மறுபக்கம் ஆண்கடல். அன்று ஆண்கடலும் அமைதியாக இருந்தது. முனையில் இறங்கியதும் என் போன் ஒலித்தது. இலங்கைக்கு வரவேற்பு என்று ஒரு குறுஞ்செய்தி. தலைமன்னார் இங்கிருந்து முப்பது கிலோமீட்டர்கூட முழுதாக இல்லை, போன் கரையை மறந்து அக்கரையைப் பிடித்துக்கொண்டது. நேரம் மட்டும் மாறவில்லை. 2006-ல் இலங்கை மறுபடி நம் கடிகாரத்துக்கே திரும்பிவிட்டது.

மாமா வண்டிக்குள்ளேயே இருந்தார். பொத்தானை அழுத்தி 87.5-லிருந்து மேலே போனார். காலையில் அபிராமத்தில் செய்த அதே வேலை. இங்கே காலி என்று ஓர் எண்ணும் அகப்படவில்லை. ஓர் எண்ணில் சிங்களம், அடுத்ததில் சிங்களம், பிறகு தமிழ், மறுபடி தமிழ், நடுவில் ஆங்கிலம். கடலில் அலையை மறைக்க எதுவும் இல்லை. அதோடு மாசி பங்குனியில், நீர்மேல் ஈரக்காற்று படிந்து கிடக்க அதன்மேல் சூடான காற்று போர்வையாக விரிந்தால், எஃப்.எம். அலை மேலே தப்பாமல் அந்தப் போர்வைக்கு அடியிலேயே வெகுதூரம் ஓடும். அப்படிப்பட்ட நாட்களில் அக்கரை நிலையங்கள் தீவு தாண்டி உள்நாடு வரை எட்டிப் பார்க்கும்.

ஒரு தமிழ் நிலையத்தில் கையை நிறுத்தினார். இளம்பெண் ஒருத்தி விறுவிறுவென்று பேசினாள். கேசட்டில் கேட்ட நிதானம் இல்லை. ஆனால் சில சொற்களின் இழுவை அதே இழுவை. மாமா ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். அது ஆறு மாதத்துக்கு முந்தைய படப் பாட்டு, எங்கள் டீக்கடையிலும் தினமும் ஓடுவது.

“அவுங்களும் நம்ம பாட்டத்தான் போடுறாங்க. அன்னைக்கும் நம்ம பாட்டுதானே” என்றார். கொஞ்சம் பொறுத்து, “அன்னைக்கு நமக்கு நம்ம பாட்ட யாரோ போட வேண்டியிருந்துச்சு” என்று சேர்த்துக்கொண்டார்.

திரும்பும்போது கருவியைச் செருகவில்லை. தங்கச்சிமடம், பாம்பன், பாலம் எல்லாம் 90.4 கூடவே வந்தது. மண்டபம் தாண்டியதும் கரகரத்தது, உச்சிப்புளியில் நின்றுவிட்டது. அதன் பிறகே மாமா, “இப்ப நம்மாளப் பேசவிடு” என்றார். அபிராமம் வரும்வரை 1979 தடையில்லாமல் ஓடியது.

நார்வே 2017-ல் தன் தேசிய எஃப்.எம். நிலையங்களை டிஜிட்டலுக்கு மாற்றி நிறுத்திவிட்டது. நம் புதுப் போன்கள் பலவற்றில் எஃப்.எம். வசதியே இல்லை. அதைத் திறந்துவிடுங்கள், பேரிடர் நேரத்தில் உதவும் என்று 2023-ல் மத்திய அரசு போன் நிறுவனங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. இந்த நிலையில் பழைய கார் டேப் ஒரு சின்னப் பாக்கியம். அதில் எஃப்.எம். கேட்கலாம், நம் போன் பாட்டைக் கேட்கவும் ஒரு வழி உண்டு.

இந்தப் பக்கம் காரில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லைட்டர் சாக்கெட்டில் கருவி செருகியிருந்தால், மண்டபம் வந்ததும் கழற்றிவிடுங்கள். உங்கள் 50 நானோவாட்டால் அங்கே யாருக்கும் தொந்தரவு வராது, அது உங்கள் வண்டியைத் தாண்டிச் சில அடிக்கு மேல் போகாது. உங்கள் காதுக்குத்தான் நஷ்டம். பாலத்தில் நின்று நீங்கள் படம் எடுக்கும் கடலில் அன்று காற்று எப்படி என்று, 90.4-ல் ஒருவர் சொல்லிக்கொண்டிருப்பார்.